மட்டம்

ஞாயிறு மாலை பெரிய பானையை எடுத்தேன் என்றால்
குரிக்கோவில் செர்ரி அறுவடை தொடங்கிவிட்டது என்பாள்
பக்கத்து வீட்டு ஓதிலியா.

ஒரு கிலோ தோல் நீக்காத மசூர்,
கீறல் விழுந்த பூசணியில் பாதி,
சந்தை கலையும் நேரத்தில்
"எடுத்துக்கிட்டுப் போ" என்று தள்ளிவிட்ட கேரட்,
இரண்டு வெங்காயம், புகை வாசமுள்ள மிளகாய்த்தூள்,
கடைசியில் ஒரு பிடி அரிசி.
மொத்தம் நாலாயிரத்து இருநூறு பேசோ.
இரண்டு பேர். ஐந்து நாள்.
வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பேன்.

நோல்பெர்ட்டோ விடியுமுன் ஐந்துக்குக் கிளம்புவான்
குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட.
நான் பிற்பகல் மூன்றுக்குப் போய்
பழம் பிரித்துவிட்டு
நள்ளிரவு தாண்டி வருவேன்.
அவன் வரும்போது நான் இல்லை,
நான் வரும்போது அவன் குறட்டை.
இந்த ஆறு வாரமும் நாங்கள் பேசிக்கொள்வது
பானை வழியாகத்தான்.

திங்கள் இரவு மூடியைத் திறந்தேன்.
நான் விட்டுப்போன கோட்டுக்கு இரண்டு விரல் கீழே
பருப்பு காய்ந்து இன்னொரு கோடு.
நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான்.
செவ்வாய், மேலே முட்டை பொரித்துப் போட்டிருக்கிறான்,
வாணலியைக் கழுவவில்லை.
புதன்,
விட்டுப்போன கோடு விட்டுப்போன இடத்திலேயே.

குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்றேன்.
நகக்கண்ணில் இன்னும் செர்ரிக் கறை.
காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன், இல்லை.
கால்சட்டைப் பையில் கைவிட்டேன்.
ரொட்டிக்குள் சாசேஜ் ஒன்று, வெண்ணெய்ப்பழம் கூடுதலாக,
இரண்டாயிரத்து எண்ணூறு.
ஐயா பானைக்கு மட்டம் போட்டிருக்கிறார்.

ஜன்னலோரக் காப்பித்தூள் டப்பாவைப் பார்த்தேன்.
செப்டம்பரிலிருந்து கொல்லையில் நிற்கும் வண்டிக்கு
கிளட்ச் மாற்ற ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
இன்னும் பாதிகூட ஆகவில்லை.
காலையில் கேட்க வேண்டியதை
முனை சீவி முனை சீவி
நாக்கில் வரிசையாக வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் என் பையைத் திறந்தேன்.
சாப்பாட்டு டப்பா. கனமாக.
ஒன்பது மணி இடைவேளையில்
கேட்டுக்கு வெளியே கூடைக்காரியிடம்
எம்பனாடா ஒன்று வாங்கி
ஊழியர் பேருந்தின் மறைவில்
முழங்கை வரை வெங்காயச் சாறு வழிய
நின்றபடியே தின்றவள் நான்.
இரண்டாயிரம்.
சீனத்துப் புத்தாண்டுக்குக் கப்பலேறும் பழத்தை
எட்டு மணி நேரம் தொட்டுத் தொட்டு
ஒன்றைக்கூட வாயில் போடாதவளுக்கு
அது கூடாதா என்று
யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

டப்பாவைப் பானையிலேயே கவிழ்த்தேன்.
கரண்டியால் மேலே தடவி
ஒன்றும் நடக்காதது மாதிரி மூடினேன்.

வியாழன் எழுந்தபோது
குளிர்பெட்டியில் ஒட்டிய பேருந்துச் சீட்டின் பின்புறம்
அவன் கையெழுத்து:
"நேற்று இரவு திறந்து பார்த்தேன், மூடினேன்.
காலையில் இரண்டு விரல் ஏறியிருக்கிறது.
பருப்பு வளராது, மிர்த்தா."

தனியாக இருக்கும் வீட்டில்
அப்படிச் சிரிக்கக் கூடாது.
ஓதிலியா சுவரைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு
மூன்று மணி நேரத் தூக்கத்தோடு எழுந்துபோய்
அவன் எதிரே உட்கார்ந்தேன்.
நாலு நாளில் குழைந்து கெட்டிப்பட்டதில்
கொஞ்சம் வெந்நீர், ஒரு உருளைக்கிழங்கு.
இப்போது சனிக்கிழமைக்கும் வரும்;
அந்த ஒரு நாளைக் கழித்தால்
இழப்பு அவ்வளவு இல்லை என்று
கணக்கு சொல்ல ஆரம்பித்தேன்.
அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வெண்ணெய்ப்பழம் நன்றாகப் பழுத்திருந்தது" என்றான்.
"என்னுடையதில் ஆலிவ் இருந்தது,
கொட்டையோடு" என்றேன்.

சைக்கிளை எடுக்கப் போனவன் திரும்பி வந்து
மிச்சச் சில்லறை இருநூறை
டப்பாவில் போட்டான்.
அந்த நேரத்து அமைதியில்
சத்தம் என்னவோ பெரிதாகத்தான் கேட்டது.